க்யூ நிறையறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்! – நெட் கேள்வி, நெட் பதில்

போன மாசம் இந்தப் பகுதியில போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், "ரௌட்டர்ல மெமரி ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க, பல வீட்டுல நெட் திக்கறதுக்கு அது தான் காரணம்"னு. அவ்வளவு தான், மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சு. பாதி பேர் சந்தேகம் கேட்டிருக்கீங்க, பாதி பேர் திட்டியிருக்கீங்க. அதனால இந்த மாசம் முழுக்க இதே சமாச்சாரம் தான், மொபைல் எது வாங்கலாம்ங்கற கேள்வியெல்லாம் அடுத்த மாசம்.

கேள்வி: வீட்ல டவுன்லோட் 100 எம்பிபிஎஸ், அப்லோட் 10. ஸ்பீடு டெஸ்ட்ல குறையே இல்ல. ஆனா பையன் மொபைல்ல எடுத்த வீடியோவ கூகுள் டிரைவ்ல ஏத்த ஆரம்பிச்சான்னா என் ஆன்லைன் கிளாஸ் படுத்துடுது, பிள்ளைங்க "மிஸ், வாய்ஸ் கட் ஆகுது"ன்னு கத்துறாங்க. கஸ்டமர் கேர்ல 200 பிளானுக்கு மாறுங்கன்றாங்க. மாறவா?
– டியூஷன் டீச்சர், ஈரோடு

இப்போதைக்கு மாறாதீங்க டீச்சர். முதல்ல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, காசு செலவில்ல. லேப்டாப்ல கமாண்ட் விண்டோவ திறந்து 8.8.8.8ங்கற கூகுள் சர்வருக்கு பிங் (ஒரு குட்டி செய்தி போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்கற கட்டளை) ஓட விடுங்க, நிக்காம ஓடற மாதிரி. வீட்ல யாரும் எதுவும் பண்ணாதப்ப 10, 20 மில்லிசெகண்ட்னு ஒரு நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். அத அப்படியே விட்டுட்டு பையன கூப்பிட்டு ஒரு பெரிய வீடியோவ ஏத்தச் சொல்லுங்க, நம்பரயே பாத்துக்கிட்டு இருங்க. 300, 500, 800னு மளமளன்னு ஏறுச்சுன்னா வியாதி பிடிபட்டுடுச்சு. இதுக்குப் பேரு பஃபர்ப்ளோட். ஜிம் கெட்டிஸ்னு ஒரு அமெரிக்க இஞ்சினியர் தன்னோட சொந்த வீட்டு லைன் ஏன் இப்படி இழுக்குதுன்னு 2010ல நோண்டி நோண்டிப் பாத்துட்டு வெச்ச பேரு.

என்ன நடக்குதுன்னா, பையனோட மொபைல் வைஃபைல வேகமா தள்ளுது, வெளிய போற வழி 10 எம்பிபிஎஸ் தான், மிச்சமெல்லாம் மோடம் பெட்டிக்குள்ள க்யூவுல நிக்குது. பெட்டி செஞ்சவரு தாராள மனசோட 1 எம்பி பஃபர், அதாவது க்யூ நிக்கறதுக்கான மெமரி, வெச்சிருக்கார்னு வைங்க. 1 எம்பின்னா 80 லட்சம் பிட், லைன் செகண்டுக்கு 1 கோடி பிட் அனுப்பும், அப்ப அந்த க்யூ காலியாக 0.8 செகண்ட். உங்க குரல் ஒரு குட்டி பாக்கெட் (நெட்ல டேட்டா இப்படி துண்டு துண்டா தான் போகும்) தான், ஆனா அது கடைசில போய் நின்னு இந்த 0.8 செகண்டையும் காத்துக் கிடக்கணும். ஸ்பீடு டெஸ்ட் இத காட்டாது, ஏன்னா அது செகண்டுக்கு எவ்வளவு போச்சுன்னு தான் அளக்குது, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாக்கறதில்ல. (சில டெஸ்ட்ல இப்ப லோடு இருக்கறப்போ லேட்டன்சி, அதாவது தாமதம், எவ்வளவுன்னும் தனியா போடறாங்க, அந்த நம்பரத் தேடிப் பாருங்க.)

200 பிளானுக்கு மாறி அப்லோட் 20 ஆச்சுன்னா காத்திருப்பு பாதியாகும், சரி. ஆனா மோடமும் மாறி அதுல பஃபர் இன்னும் பெருசா இருந்துட்டா போட்ட காசு போச்சு. அதுக்குப் பதிலா எஸ்க்யூஎம்னு, க்யூ நீளாம பாத்துக்கற ஒரு வசதி இருக்கற ரௌட்டரா பாருங்க, ஓபன்டபிள்யூஆர்டிங்கற இலவச ரௌட்டர் சாஃப்ட்வேர் போட முடிஞ்ச ரௌட்டர்னா கட்டாயம் கிடைக்கும். அதுல அப்லோட 10க்குப் பதிலா 9ன்னு செட் பண்ணுங்க. 1 எம்பிபிஎஸ்ஸ வேணும்னே விட்டுக்குடுக்கறீங்க, கஷ்டமா தான் இருக்கும், ஆனா அப்ப தான் க்யூ அந்த மோடத்துல உருவாகாம உங்க ரௌட்டர்ல உருவாகும், உங்க ரௌட்டருக்கு க்யூவ எப்படி நடத்தணும்னு தெரியும். பையன் வீடியோவும் போகும், கிளாஸும் நடக்கும்.

கேள்வி: பாக்கெட் தொலையறது தான சார் பிரச்சன? பஃபர் பெருசா இருந்தா தொலையாது. அத போய் வியாதின்னு எழுதறீங்க. மெமரி இன்னைக்கு என்ன விலை விக்குது?
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்தறவர், மதுரை

கோவமா கேட்டிருக்கீங்க, ஆனா கேள்வி நியாயமானது தான். ரௌட்டர் செய்யற கம்பெனிகளும் பல வருஷம் இப்படித் தான் நினைச்சு மெமரிய கொட்டினாங்க.

இதுக்கு 1986க்குப் போகணும். அந்த வருஷம் அக்டோபர்ல கலிபோர்னியால லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் பக்கத்துலயே இருக்கற பெர்க்லி யூனிவர்சிட்டிக்கும் நடுவுல, ரெண்டுக்கும் தூரம் ஒரு 400 கஜம் தான், லைன் வேகம் செகண்டுக்கு 32,000 பிட்லேர்ந்து 40 பிட்டுக்கு விழுந்துச்சு. நாப்பதாயிரம் இல்ல, வெறும் நாப்பது. ஒரு எழுத்துக்கு 8 பிட்டுன்னா செகண்டுக்கு அஞ்சு எழுத்து, அதுக்கு ஆள அனுப்பியிருந்தா நடந்து போய் குடுத்துட்டு வந்திருப்பான். வயரும் அறுந்து போகல, மெஷினும் கெட்டுப் போகல. எல்லா கம்ப்யூட்டரும் அனுப்பிச்சு, பதில் வரலன்னதும் தொலைஞ்சு போச்சு போலன்னு திரும்ப அனுப்பிச்சு, அதுல க்யூ இன்னும் ரொம்பி, இன்னும் லேட்டாகி, இன்னும் திரும்ப அனுப்பிச்சு, கடைசில லைன் முழுக்க ஒரே பாக்கெட்டோட காப்பிகளா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஜான் நாகிள்ங்கறவர் 1984லயே இப்படி ஆகும்னு எழுதி வெச்சாரு, கன்ஜெஷன் கொலாப்ஸ்ங்கற பேரும் அவரு போட்டது தான். யாரு கேட்டா?

அந்த லேப்ல இருந்த வான் ஜேகப்சனும் யூனிவர்சிட்டில இருந்த மைக் கேரல்ஸும் உக்காந்து டிசிபிய, அதாவது பாக்கெட்ட அனுப்பி அது போய்ச் சேர்ந்துச்சான்னு பாத்துக்கற விதிமுறைய, திருத்தி 1988ல பேப்பரா போட்டாங்க. விஷயம் இது தான்: அனுப்பறவன் மெதுவா ஆரம்பிக்கணும், போய்ச் சேருதுன்னு பதில் வர வர கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், ஒரு பாக்கெட் தொலைஞ்சா "வழியில நெரிசல்"னு எடுத்துக்கிட்டு சட்டுனு வேகத்த பாதியாக்கணும், அப்புறம் திரும்ப மெதுவா ஏறணும். இன்னைக்கு உங்க சென்டர்ல ஓடற மெஷின்ல க்யூபிக்னு வேற ஃபார்முலா இருக்கும், லினக்ஸ்ல 2006லேர்ந்தே அது தான், பாதிக்குப் பதிலா 30 பர்சென்ட் குறைக்கும், ஆனா அடிப்படை அதே தான்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். இந்த முறையில தொலைஞ்சு போற பாக்கெட் தான் அனுப்பறவனுக்குப் போற ஒரே தகவல். பஃபர பெருசாக்கினீங்கன்னா அந்தத் தகவல் போறதையே தள்ளிப் போடறீங்க. அனுப்பறவன் எல்லாம் சுகம்னு நினைச்சுக்கிட்டு இன்னும் கூட்டுவான், உங்க விலை மலிஞ்ச மெமரி ரொம்பற வரைக்கும் கூட்டிக்கிட்டே இருப்பான், அது ரொம்பினதுக்கு அப்புறம் தான் ஒண்ணு தொலையும், அதுக்குள்ள எல்லாரும் ஒரு செகண்ட் பின்னாடி. பஃபர் சுத்தமா வேண்டாம்னு சொல்லல, திடீர்னு ஒரு கூட்டம் வந்தா தாங்கறதுக்கு வேணும். வந்த கூட்டம் வடிஞ்சுடணும், அங்கயே குடித்தனம் பண்ணக் கூடாது.

கேள்வி: கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் படிக்கிறேன் சார். ரௌட்டருக்குத் தான் க்யூ ரொம்பறது முதல்ல தெரியுது. டிராபிக் போலீஸ் கைய காட்டி நிறுத்தற மாதிரி அதுவே நிறுத்திட்டா என்ன? எதுக்கு பாக்கெட்ட தூக்கிப் போட்டு மறைமுகமா சொல்லணும்?
– இஞ்சினியரிங் மாணவர், திருநெல்வேலி

நல்லாக் கேட்ட தம்பி. போலீஸ் உதாரணம் பாதி தூரம் தான் ஓடும். போலீஸ் கைய காட்டினா வண்டி நிக்கும், ரோட்டுலயே நிக்கும். பாக்கெட் ரௌட்டர் வாசல்ல வந்தாச்சுன்னா ஒண்ணு உள்ள வெச்சுக்கணும் இல்ல தூக்கிப் போடணும், வழியில நிக்கறதுக்கு இடமே கிடையாது. குறைக்கணும்னா எங்கயோ அமெரிக்காலயோ மும்பைலயோ இருக்கற சர்வர் தான் குறைக்கணும். நெரிசல் தெரியறது ஒருத்தனுக்கு, குறைக்க முடியறது இன்னொருத்தனுக்கு, ரெண்டு பேருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. இந்த மொத்த சப்ஜெக்டே அவ்வளவு தான்.

நேராச் சொல்லிப் பாக்கவும் செஞ்சாங்க. சோர்ஸ் க்வென்ச்னு பழைய ஐசிஎம்பி (நெட்ல கோளாறு சொல்ற வகை) மெசேஜ் ஒண்ணு, உங்க சிலபஸ்ல இன்னும் இருந்தாலும் இருக்கும். நெரிசல் வந்தா ரௌட்டரே அனுப்பறவனுக்கு "கொஞ்சம் அடங்கு"ன்னு ஒரு பாக்கெட் போடும். கூத்த பாரு, ஏற்கனவே நெரிசல், அதுல இது புதுசா பாக்கெட் அனுப்புது! போதாததுக்கு யார் வேணும்னாலும் ரௌட்டர் மாதிரி வேஷம் போட்டு அந்த மெசேஜ அனுப்பி உன் கனெக்ஷன மந்தமாக்கலாம். 1995லயே ரௌட்டர்கள் இத அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்க, 2012ல முறைப்படி மூடுவிழா நடத்தினாங்க.

சரியான யோசனை டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனில இருந்த கே.கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் ரெண்டு பேர்கிட்டேர்ந்து வந்துச்சு. ஜேகப்சன் பேப்பர் வந்த அதே 1988 மாநாட்டுல தான் இவங்களோடதும் வந்துச்சு. புதுசா பாக்கெட் எதுவும் அனுப்பாத, போயிட்டு இருக்கற பாக்கெட்லயே ஒரே ஒரு பிட்ட மாத்தி விடுன்னாங்க. ரௌட்டர்ல சராசரியா க்யூ நிக்க ஆரம்பிச்சுட்டா அந்த பிட் 1, வாங்கறவன் அத அப்படியே அனுப்பறவனுக்குத் திருப்பிச் சொல்லுவான், வந்த பதில்கள்ல பாதிக்கு மேல 1 இருந்தா அனுப்பறவன் தன் விண்டோவ (பதிலுக்குக் காத்திருக்காம ஒரே நேரத்துல அனுப்பி வைக்கற அளவு) எட்டுல ஒரு பங்கு குறைச்சுக்குவான், இல்லேன்னா ஒண்ணு கூட்டிக்குவான். ஒரு பாக்கெட் கூட தொலையல, க்யூவும் ரொம்பல. எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயும் ரொம்ப பிடிச்ச இடம் இது தான்.

அப்புறம் 1993ல சாலி ஃபிளாய்டும் ஜேகப்சனும் சேர்ந்து ரெட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. க்யூ முழுசா ரொம்பற வரைக்கும் காத்திருக்காம, ரொம்ப ஆரம்பிக்கறப்பவே அங்கொண்ணு இங்கொண்ணா தூக்கிப் போடு இல்ல மார்க் பண்ணுங்கறது தான் அது. இந்த ரெண்டு யோசனையும் சேர்ந்து 2001ல ஈசிஎன்ங்கற பேர்ல ஸ்டாண்டர்ட் ஆச்சு, எழுதினவங்க ராமகிருஷ்ணன், ஃபிளாய்ட், டேவிட் பிளாக். பரீட்சைக்கு உதவும், கவனமா படி. ஐபி ஹெட்டர்ல, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோட தலைப்புப் பகுதியில, ரெண்டு பிட். 00ன்னா "எனக்கு மார்க் புரியாது, நெரிசல்னா தூக்கித் தான் போடணும்". 10 இல்ல 01ன்னா "மார்க் பண்ணாலே போதும், நான் கேட்டுக்குவேன்". வழியில எந்த ரௌட்டர்லயாவது நெரிசல்னா அது 11ன்னு மாத்தி விடும். வாங்கற மெஷின் 11 பாத்ததும் டிசிபி பதில்ல ஈசிஈங்கற ஃபிளாக உசத்தும், ஒரு தடவையோட விடாது, அனுப்பறவன் "சரி, குறைச்சுட்டேன்"னு சிடபிள்யூஆர் ஃபிளாக அனுப்பற வரைக்கும் ஒவ்வொரு பதில்லயும் உசத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா பதில் வழியில தொலைஞ்சுடலாம் இல்லையா. இதுல ரௌட்டர் எந்த கனெக்ஷனையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல, யாரு என்னன்னு தெரிய வேண்டியதில்ல, கையில இருக்கற பாக்கெட்ல ரெண்டு பிட்ட மாத்தினா வேலை முடிஞ்சுது.

கேள்வி: இவ்வளவு நல்லதுன்னா 2001லேர்ந்தே எல்லா இடத்துலயும் இருந்திருக்கணுமே?
– பேர் போட வேண்டாம்னு ஒரு நெட்வொர்க் அட்மின், சென்னை

உங்க ஜாதிக்காரங்க தான் சார் காரணம்! அதுவரைக்கும் சும்மா கிடந்த பிட்டுகள ஈசிஎன் எடுத்துக்கிச்சு. பழைய ஃபயர்வால்கள் (நெட்வொர்க் வாசல்ல நிக்கற காவல் பெட்டிகள்) பலதுக்கு அந்த பிட்ல 1 இருந்தாலே திருடன் வந்துட்டான்னு நினைப்பு, ஏன்னா மெஷின் என்ன ஓஎஸ்னு நோட்டம் பாக்கற டூல்ஸ் அந்த பிட்ட தான் நோண்டும். 2001 ஆரம்பத்துல லினக்ஸ் 2.4ல ஈசிஎன் வந்ததும் அத ஆன் பண்ணவங்களுக்கு சில வெப்சைட் திறக்கவே இல்ல. ஜனங்க என்ன பண்ணுவாங்க, ஃபயர்வால திட்டுவாங்களா? ஈசிஎன்ன ஆஃப் பண்ணாங்க. லினக்ஸே அப்புறம் "எதிராளி கேட்டா சரிங்கறேன், நானா கேக்க மாட்டேன்"ங்கற நிலைக்கு வந்துடுச்சு, அந்த செட்டிங் நம்பர் 2, உங்க சர்வர்ல பாருங்க, அநேகமா அது தான் இருக்கும். ரெண்டு பக்கமும் இப்படி மரியாதை பாத்துக்கிட்டு நின்னா கல்யாணம் எப்படி நடக்கும்? 2015ல ஆப்பிள் ஐஓஎஸ் 9ல தைரியமா கேக்க ஆரம்பிச்சதும் தான் நிலைமை மாறுச்சு.

ரௌட்டர் பக்கமும் குறை இருந்துச்சு. ரெட்டுக்கு நாலஞ்சு நம்பர சரியா டியூன் பண்ணணும், தப்பா வெச்சா முன்ன இருந்ததே தேவலாம்னு ஆயிடும், அதனால அட்மின்கள் தொடவே பயந்தாங்க. 2012ல கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேகப்சனும் கோடெல்னு ஒண்ணு குடுத்தாங்க. க்யூ எவ்வளவு நீளம்னு பாக்காத, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாரு, 5 மில்லிசெகண்டுக்கு மேல நிக்கறது 100 மில்லிசெகண்ட் தொடர்ந்துச்சுன்னா ஒண்ண போடு இல்ல மார்க் பண்ணு, அப்பவும் குறையலேன்னா இடைவெளிய குறைச்சுக்கிட்டே போ. சாதாரண லைனுக்கு டியூன் பண்ண ஒண்ணுமே இல்ல. இதோட ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி க்யூ சேர்த்தா எஃப்க்யூ-கோடெல், ஈரோடு டீச்சருக்கு நான் சொன்ன எஸ்க்யூஎம் உள்ள ஓடறது இது இல்லேன்னா இதோட தம்பி கேக்.

கேள்வி: எல்லாரும் ஒழுங்கா குறைச்சுக்கறப்ப நான் மட்டும் குறைக்கலேன்னா எனக்கு லாபம் தானே?
– நாகர்கோவில் வாசகர்

ஆமா. டவுன்லோட் மேனேஜர் போட்டு ஒரே ஃபைல எட்டு துண்டா எட்டு கனெக்ஷன்ல இழுத்திருப்பீங்கல்ல, அது சாஃப்டான ஏமாத்து வேலை தான். நெரிசல்ல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு பங்கு கேக்குது, நீங்க எட்டு பங்கு எடுத்துக்கறீங்க. இன்டர்நெட்ல இதுக்கு போலீஸும் இல்ல கோர்ட்டும் இல்ல, ஓஎஸ் செய்யறவங்க டிசிபிய ஒழுங்கா எழுதி வெச்சிருக்கறதால வண்டி ஓடுது. எஃப்க்யூ-கோடெல் ஒரு கனெக்ஷன் அடங்காம தள்ளினா அதோட க்யூவ மட்டும் ரொம்ப விட்டு அடிக்கும், பக்கத்துல இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. எட்டு கனெக்ஷன் ட்ரிக்குக்கு கேக்ல வைத்தியம் இருக்கு, அது மெஷினுக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிக்கும். இதுக்கு நேர் எதிரா நல்ல பிள்ளைங்களும் இருக்கு, லெட்பேட்னு ஒரு முறை, டிலே லேசா ஏறினாலே தானா ஒதுங்கிடும், டோரன்ட் ஆப்களே அதத் தான் பயன்படுத்துது. டோரன்ட்காரன்கிட்ட மரியாதை கத்துக்க வேண்டியிருக்கு பாருங்க.

கேள்வி: 2020 லாக்டவுன்ல எல்லா வீடியோவையும் மங்கலாக்கினாங்களே, அதுவும் இந்த கதை தானா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்

இல்லைங்கய்யா, அது மனுஷங்க உக்காந்து பேசி முடிவு பண்ணது. மார்ச் 24ஆம் தேதி இங்க இருக்கற வீடியோ கம்பெனிகள் கூடி, ஏப்ரல் 14 வரைக்கும் மொபைல் நெட்வொர்க்ல 480பிக்கு மேல போக வேண்டாம்னு தீர்மானிச்சாங்க. நான் சொல்றது மில்லிசெகண்ட் கணக்குல யார்கிட்டயும் கேக்காம தானா நடக்கறது. அன்னைக்கும் அது பாட்டுக்கு அடியில நடந்துக்கிட்டு தான் இருந்துச்சு.

கேள்வி: எல்4எஸ்னு ஒண்ணு வந்திருக்காம், லேகே இருக்காதாம். நம்ம ஊர்ல எப்ப ப்ரோ?
– கேமர், கோயம்புத்தூர்

விளம்பரத்த அப்படியே நம்பாதீங்க ப்ரோ, தூரம் தூரம் தான், சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா கோயம்புத்தூர்லேர்ந்து போய் வர நேரம் எந்த டெக்னாலஜியும் மாத்தாது. எல்4எஸ் குறைக்கறது க்யூவுல நிக்கற நேரத்த மட்டும் தான், ஆனா அத நல்லாவே குறைக்குது. இது 2010ல டேட்டா சென்டருக்குன்னு வந்த டிசிடிசிபிங்கற டிசிபி வகையிலேர்ந்து பிறந்தது. பழைய ஈசிஎன்ல ஒரு மார்க் வந்தாலே அனுப்பறவன் பயந்து பாதியாக்கிடுவான். டிசிடிசிபில நூறுல எத்தன பாக்கெட்ல மார்க் இருக்குன்னு எண்ணி, கொஞ்சமா இருந்தா கொஞ்சமா குறைப்பான், நிறைய இருந்தா நிறைய. டேட்டா சென்டர்ல சர்வரும் சுவிட்சும் ஒரே முதலாளியோடது, அதனால ஒத்துழைப்பு சுலபம், ஒரே ராத்திரில எல்லாத்தையும் மாத்திடலாம்.

அத பொது இன்டர்நெட்டுக்கு கொண்டு வர்றது தான் எல்4எஸ், 2023 ஜனவரில இன்டர்நெட் விதிமுறைகள வகுக்கற ஐஇடிஎஃப் வெளியிட்டுச்சு. மேல தம்பிக்கு சொன்ன 01 இருக்கு பாருங்க, அத இதுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ரௌட்டர்ல ரெண்டு க்யூ, 01ன்னு வர்றது குட்டி க்யூவுக்குப் போகும், அங்க ஒரு மில்லிசெகண்ட் சுமாருக்கு நின்னாலே மார்க் விழும், மத்ததெல்லாம் பழைய க்யூ, ஒண்ணு இன்னொண்ண முழுங்கிடாம இருக்க ரெண்டையும் கணக்கால கட்டி வெச்சிருக்காங்க. எதிர்ப்பும் பலமா இருந்துச்சு. பழைய ரௌட்டர் 11ன்னு மார்க் போட்டா அது "பாதியாக்கு"ன்னு அர்த்தம், எல்4எஸ் ஆளு அத "லேசா குறை"ன்னு எடுத்துக்கிட்டா கூட நிக்கற பழைய டிசிபி பட்டினி கிடக்கும். கேக் எழுதின கோஷ்டி இத வெச்சு வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க, எனக்கும் அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு தான் தோணுது, ஆனா முடிவு எல்4எஸ் பக்கம் போயிடுச்சு.

அமெரிக்கால காம்காஸ்ட் 2025 ஜனவரில சில நகரங்கள்ல ஆரம்பிச்சாங்க, ஆப்பிள், என்விடியா, வால்வ் எல்லாம் கூட சேர்ந்திருக்காங்க. கேம் சர்வர், உங்க மெஷின், நடுவுல எங்க நெரிசலோ அந்தப் பெட்டி, மூணும் ஒத்துக்கணும். உங்க மெஷின் மட்டும் ரெடியா இருந்து பிரயோஜனமில்ல. அதுவரைக்கும் எஸ்க்யூஎம் போட்டு விளையாடுங்க, தங்கச்சி சீரியல் பாத்தாலும் பிங் ஆடாது.

கேள்வி: வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கினா இதெல்லாம் சரியாயிடுமா?
– சேலம் வாசகி

ஆகாதுங்க மேடம், அது வேற பிரச்சனைக்கு மருந்து. லேப்டாப்ப ரௌட்டரோட கேபிள்ல இணைச்சு, மேல சொன்ன பிங் சோதனைய பண்ணுங்க. கேபிள்லயும் நம்பர் ஏறுச்சுன்னா க்யூ தான் கோளாறு, எக்ஸ்டெண்டர் வாங்காதீங்க. கேபிள்ல ஏறாம பின் ரூம்ல வைஃபைல மட்டும் ஏறுச்சுன்னா முதல்ல ரௌட்டர பீரோ மேலேர்ந்து இறக்கி ஹால் நடுவுல வெச்சுப் பாருங்க, அப்பவும் சரியாகலேன்னா அடுத்த மாசம் எழுதுங்க, எந்த மாடல்னும் சேத்து எழுதுங்க.